நோயாளி உத்தியோகம்

என் உத்தியோகம் என்ன என்று யாராவது கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவேன். சம்பளத்துக்கு வியாதி வரவழைத்துக்கொள்வது. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன! மருத்துவக் கல்லூரியில் செய்முறைப் பரீட்சை நடக்கும்போது நோயாளியாகப் படுத்திருக்க ஆள் வேண்டும். நிஜ நோயாளியைக் கொண்டுவந்து போட்டு ஒரு வகுப்பே வந்து வயிற்றை அமுக்கினால் அந்த ஆள் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். அதனால் எங்களைப் போன்ற ஆட்களைப் பிடித்து, இன்ன வியாதி, இங்கே வலி, இப்படி முனகு என்று பாடம் சொல்லிக்கொடுத்துப் படுக்கவைப்பார்கள். மணி அடிக்கும். முகம் வெளிறிப்போன ஒரு மாணவன் உள்ளே வருவான், கையைக் கழுவுவான், என்ன தொந்தரவு என்று கேட்பான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வேன். மறுபடி மணி அடிக்கும், அவன் போய்விடுவான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவனுக்காக முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நான் நிஜ டாக்டர்.

ஊரில் பெரியாஸ்பத்திரியில் பொது மருத்துவ வார்டு ஒன்று முழுக்க என் பொறுப்பில் இருந்தது. காலையில் நான் ரவுண்ட்ஸ் வருகிறேன் என்றால் பயிற்சி டாக்டர்கள் சுவரோடு சுவராக நிற்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோயாளி வாசற்படி ஏறும் நடையைப் பார்த்தே வியாதி இன்னது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்காரரோடும் மகளோடும் இந்த நாட்டில் வந்து இறங்கியதும், உன் பட்டம் இங்கே செல்லாது, முதலிலிருந்து பரீட்சை எழுது என்றார்கள். எழுத்துப் பரீட்சையை ஊதித் தள்ளிவிட்டேன். செய்முறையில்தான் கவிழ்ந்தேன். முதல் தடவை, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லையாம். இரண்டாம் தடவை, அவரைப் பேசவிடவில்லையாம். ஊரில் வார்டு நிரம்பி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், இதில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தால் நாலாவது ஆள் உயிரோடு இருக்க மாட்டான் என்று யார் இவர்களுக்கு எடுத்துச் சொல்வது? மூன்றாவது தடவைதான் கடைசி. அதிலும் தவறினால் இந்த நாட்டில் ஆயுசுக்கும் நான் டாக்டர் இல்லை.

இந்த நோயாளி வேலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என் நாத்தனார். எங்களுக்கு முன்பே இங்கே வந்து வேரூன்றியவள்.

"அண்ணி, கோவப்படாம கேளுங்க. பாஸாகிற பசங்க எப்படிப் பேசுறாங்க, எங்க நிக்கிறாங்க, எல்லாத்தையும் படுத்துக்கிட்டே பாக்கலாம். ட்யூஷன் மாதிரிதானே?"

"நான் கட்டில்ல படுக்கணும், நேத்துப் பிறந்த பொடிசு என் நாடியைப் பிடிக்கணும். அப்படித்தானே?"

"வீட்ல உக்காந்து சுவத்தைத் திட்டுறதுக்கு அது தேவல, அண்ணி."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஊரில் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், இங்கே பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தார். "இதுவும் கெமிஸ்ட்ரிதாண்டி" என்று சிரிப்பார். எப்படித்தான் அந்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்ததோ தெரியாது.

எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒரு காலத்தில் மேடை நடிகையாம். வெள்ளை முடியை ஒட்ட வெட்டி, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பாள். அவள் பேசியது இந்த ஊர்ப் பாஷை, நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"நடிக்காதீங்க. நடிச்சா பசங்க கண்டுபிடிச்சிடுவாங்க. வலியைக் கூப்பிடுங்க. வந்து உக்காரட்டும். வேலை முடிஞ்சதும், போதும் போன்னு சொல்லிடுங்க."

"போகலைன்னா?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். "உங்களுக்கு நல்லா வரும்" என்றாள்.

நன்றாகத்தான் வந்தது. வலியை எனக்குத் தெரியும். எத்தனை பேர் முகத்தில் பார்த்திருக்கிறேன்! எந்த வலிக்கு மனுஷன் அசையாமல் கிடப்பான், எந்த வலிக்குப் புரளுவான், எதைச் சொல்லும்போது விரலால் காட்டுவான், எதற்கு உள்ளங்கையை வைப்பான், எல்லாம் அத்துப்படி. மற்றவர்கள் ஐயோ அம்மா என்று கத்தும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பேன். மாணவர்கள் நிஜமாகவே பயந்து, கேட்க வேண்டியதை மறந்துபோவார்கள்.

முதல் சங்கதி நடந்தது நிமோனியா வாரத்தில். எனக்குக் காய்ச்சல், இருமல், இடது விலாவில் குத்தல் என்று பாடம். இந்தப் பரீட்சையில் ஒரு சூட்சுமம் உண்டு. நான் என்னதான் இருமினாலும் என் நுரையீரல் சுத்தமானதுதானே? ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் சளிச் சத்தம் எதுவும் கேட்கக் கூடாது. மாணவன் கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். நிமோனியாதானே என்று ஊகித்துக்கொண்டு, சத்தம் கேட்டது என்று அடித்துவிட்டால் மார்க் போச்சு. பொய் சொல்லும் டாக்டரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற இடம் அது.

அதிகம் பேசாத ஒரு பெண் வந்தாள். என் முதுகில் வைத்துக் கேட்டாள், இடம் மாற்றி மறுபடி கேட்டாள். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த பரீட்சகரிடம் சொன்னாள். "இடது பக்கம் கீழ. மூச்சு உள்ள இழுக்கும்போது கடைசியில முடியைத் தேய்ச்ச மாதிரி சத்தம் வருது."

பாவம், மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். பரீட்சகர் கிழவர் எழுந்து வந்தார். வழக்கமாகப் பரீட்சகர்கள் வாயே திறக்க மாட்டார்கள், சுவரில் மாட்டிய படம் மாதிரி இருப்பார்கள். அந்தப் பெண்ணின் பொய்யைக் காட்டிக்கொடுக்கத்தான் வந்திருப்பார். என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இழுங்க என்றார். இன்னொரு தரம் என்றார். எடுக்கவே மாட்டேன் என்கிறார். அவருடைய மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, சட்டென்று அது நின்றுபோனது.

அந்தப் பெண் பாஸ்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து கொண்டுவந்த என் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, வீட்டுக்காரரை முதுகில் பிடிக்கச் சொல்லி நானே கேட்டேன். சுத்தம். தெள்ளத் தெளிவாகக் காற்று போய் வந்தது. கிழவருக்குக் காது போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் எல்லோருக்குமா காது போகும்? தைராய்டு வாரத்தில் என் கை விரல்கள் பரீட்சை அறைக்குள் நுழைந்ததும் நடுங்கின, வெளியே வந்து காபி பிடிக்கும்போது கல் மாதிரி நின்றன. மஞ்சள் காமாலை வாரத்தில் ஒரு மாணவன் என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுப் பரீட்சகரை அழைத்தான். அவர் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மணி அடித்ததும் கழிவறைக்கு ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன். வெளுப்பாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும் மஞ்சள் ஒரு கீற்றாக நின்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துபோயிற்று.

வீட்டில் இது ஒரு கேலியாகிவிட்டது. சாப்பிடும்போது இருமினால் மகள் தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்.

"அம்மா, இந்த இருமல் யாருது?"

"நுரையீரல்ல சளி கட்டின பஸ் டிரைவரோட பொண்டாட்டியோடது."

"போன வாரம் நொண்டினியே, அது?"

"அது ரிட்டயர்டு டீச்சர்."

"அந்த டீச்சர் நல்லவங்க. என் மேல கத்தவே இல்ல" என்றாள் மகள். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாரம் நான் அவளிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

கல்லூரியில் என் பெயர் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. எந்தக் கஷ்டமான கேஸ் என்றாலும் அந்த அம்மாவைக் கூப்பிடு என்றார்கள். ஊரில் வார்டை நிமிர்த்தியபோதுகூட இந்த மரியாதை கிடைத்ததில்லை. ஒருநாள் எங்கள் பிரிவின் மேலாளர், டை கட்டிய மென்மையான மனுஷன், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார்.

"உங்களை நிரந்தரமா எடுத்துக்க ஆசைப்படறோம். முதுநிலை நோயாளி. தனி அறை, லீவு, பென்ஷன், குடும்பத்துக்கு வைத்தியச் செலவு எல்லாம் உண்டு."

முதுநிலை நோயாளி! சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு விஷயம். நிரந்தர ஆளுக்குக் கேள்விகள் முன்கூட்டியே தெரியும் இல்லையா? அதனால லைசென்ஸ் பரீட்சைக்கு உக்கார முடியாது. எப்பவுமே முடியாது." ஏதோ பார்க்கிங் விதி சொல்வது மாதிரி சொல்லிவிட்டுச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார்.

வீட்டில் அன்றைக்கு ஒரே ரகளை. வீட்டுக்காரர் வழக்கமாக என்னை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை, அன்றைக்குப் பேசினார்.

"டாக்டரம்மா, கொஞ்சம் நிதானமா யோசி. கையில வந்ததை விட்டுட்டு, கிடைக்குமோ கிடைக்காதோங்கிற ஒண்ணுக்காக..."

"கிடைக்காதுன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்களா?"

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்னீங்க! பெயின்ட் கலக்கிக்கிட்டு இதுவும் கெமிஸ்ட்ரின்னு சொல்ல உங்களால முடியும். கட்டில்ல படுத்துக்கிட்டு இதுவும் வைத்தியம்னு சொல்ல என்னால முடியாது."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். அவரைக் குத்திவிட்டேன் என்று தெரிந்தது, மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை. ஆனால் ஒன்று, அவர் சொன்னது என் மனசிலும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது. தனி அறை, பென்ஷன். மறுநாள் காலை பஸ்ஸில் போகும்போது அந்தத் தனி அறையின் ஜன்னலில் என்ன திரை போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்போடுதான் நெஞ்சுவலி அண்ணனிடம் யோசனை கேட்கப் போனேன். எங்களோடு நோயாளி வேலை பார்த்த, நம் பாஷை பேசுகிற ஒரே ஆள் அவர். மாரடைப்பைத் தவிர வேறு வேஷம் கொடுக்க மாட்டார்கள் என்பதால் அந்தப் பெயர். பல வருஷமாக நிரந்தர வேலையில் இருப்பவர். நான் சேர்ந்த புதிதில், ஊரில் தான் பெரிய இதய மருத்துவர் என்றும் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர் என்றும் அவரே வாயால் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"வாம்மா தங்கச்சி. உனக்குப் பெரிய இடம் குடுக்கிறாங்களாமே? எடுத்துக்கோ. ராஜ வாழ்க்கை."

"உடம்பு எப்படி இருக்கு அண்ணே? வேர்க்குதே."

"அது ஒண்ணுமில்ல. காலேஜ் நடக்கிறப்ப இப்படித்தான். ஈசிஜி எடுத்தா கோளாறு காட்டும். லீவு விட்டதும் எடுத்தா சுத்தமா இருக்கும். டாக்டருங்க மண்டையைப் பிச்சுக்கிறாங்க!" மகன் முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற பெருமை அவர் முகத்தில்.

மேஜைக்கடியில் என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அதை மறைத்துக்கொண்டு கேட்டேன். "இந்தப் போஸ்டை எடுத்தா பரீட்சை எழுத முடியாதாமே. நீங்க எப்படி அண்ணே மனசைத் தேத்திக்கிட்டீங்க?"

"எந்தப் பரீட்சை?"

"லைசென்ஸ் பரீட்சை. டாக்டர் லைசென்ஸ்."

"அதெல்லாம் படிச்சவங்க எழுதுறதும்மா. நமக்கெதுக்கு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "அண்ணே, சும்மா இருங்க. நீங்க ஹார்ட் டாக்டர்."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க! நான் சேர்ந்த அன்னிக்கு, இதே மேஜையில."

அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். என் மனம் நோகக்கூடாதே என்று கஷ்டப்பட்டு யோசித்த மாதிரி இருந்தது. பிறகு முகம் மலர்ந்தது. "சொல்லியிருப்பேன். ஒரு தடவை, டாக்டருக்கே மாரடைப்பு வர்ற மாதிரி ஒரு வேஷம் குடுத்தாங்க. அன்னிக்குச் சொல்லியிருப்பேன்."

அவர் கண்ணில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். நல்ல மனுஷனின் கள்ளமில்லாத கண், அவ்வளவுதான். மணி அடித்தது. இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் எழுந்து போனார். மேஜையில் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அப்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மனுஷ புத்தி, இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மத்தியானம் மகள் வயிறு வலிக்கிறது என்று சோபாவில் சுருண்டு படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையை விலக்கி, ஆயிரம் வயிற்றில் வைத்த கையை அவள் வயிற்றில் வைத்தேன். வலது பக்கம் கீழே அமுக்கினேன்.

"அம்மா!" என்று கத்தினேன். அவள் இல்லை, நான். வலது பக்கம் கீழே எனக்குத்தான் சுரீர் என்றது.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். "வலி அவளுக்கா உனக்கா?"

"இருங்க. பாத்துச் சொல்றேன்." வலி எப்படி இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. முதலில் தொப்புளைச் சுற்றி, பிறகு இறங்கி ஓர் இடத்தில் நிற்கிறது, அசைந்தால் கூடுகிறது, சாப்பாட்டை நினைத்தாலே குமட்டுகிறது. ஒப்பிக்கச் சொன்னால் கடகடவென்று ஒப்பித்திருப்பேன். ஆனால் அது என்ன வியாதி? அடுத்து எங்கே தொட்டுப் பார்க்க வேண்டும்? என்ன கேட்க வேண்டும்? அந்த இடம் துடைத்துவிட்ட பலகை மாதிரி இருந்தது. குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவுக்குத் தெரியும் என்ற தைரியத்தில். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டேன்.

தெருக்கோடி கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்ன வயசு டாக்டர், எங்கள் கல்லூரியில் பரீட்சை எழுதியவன். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு குழந்தையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உக்காருங்க, எங்க வலிக்குது?" என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே வறுத்தெடுத்திருப்பேன், வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு வெறும் அஜீரணம். சாயங்காலமே எழுந்து விளையாடப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் வழியில் வீட்டுக்காரர் சொன்னார். "அந்த வேலை வேணாம். நாளைக்கே விட்டுடு. நான் ரெண்டு ஷிப்டு பாக்கறேன். நீ பரீட்சையைப் பாரு."

"கோவத்துல அன்னிக்கு ஏதோ சொல்லிட்டேன்..."

"அது கிடக்கட்டும். எனக்கு என் பொண்டாட்டி திரும்பி வந்தா போதும்." நடுத்தெருவில் நின்று மறுபடி அழுதேன். மகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வேலையை விட்டேன். மேலாளர் வருத்தப்பட்டார். பாடம் சொல்லிக்கொடுத்த அம்மாள் மட்டும் நடைபாதையில் என்னை நிறுத்திக் கன்னத்தைத் தொட்டு, "எல்லாத்தையும் போகச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.

பரீட்சைக்கு முந்தைய வாரங்கள் போல நான் சந்தோஷமாக இருந்த காலம் இந்த நாட்டில் கிடையாது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. புத்தகத்தை எடுத்தால் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நின்றது. வீட்டுக்காரரைப் படுக்கவைத்து ஈரலைத் தட்டிப் பார்த்தேன், நாத்தனாரின் முட்டியைச் சுத்தியால் தட்டினேன், பக்கத்துவீட்டுக்காரர் மாடியேறும் மூச்சைக் கேட்டே நடைப்பயிற்சி போகச் சொன்னேன். பழையபடி மகள் மேல் கத்த ஆரம்பித்துவிட்டேன். "அம்மா வந்தாச்சுப்பா" என்று அவள் அப்பாவிடம் முறையிட்டாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பரீட்சை வேறொரு கட்டிடத்தில். நீளமான நடைபாதை, வரிசையாக மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள், கதவைப் பார்த்தபடி. மணி அடித்தால் உள்ளே போக வேண்டும், மறுபடி அடித்தால் வெளியே வந்து அடுத்த கதவுக்கு நகர வேண்டும். எல்லா அறையிலும் தேற வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் மொத்தமும் போச்சு.

ஜம்மென்று போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக நான் ஊரில்கூடப் பார்த்ததில்லை. மூச்சுத் திணறல் கிழவரைச் சிரிக்கவைத்தேன். மயக்கம் வந்த பெண்ணுக்கு அவள் சொல்லாத கர்ப்பத்தைக் கண்டுபிடித்தேன். கோபக்கார ஆளைப் பொறுமையாக உட்காரவைத்துப் பேசினேன், நானா என்று எனக்கே ஆச்சரியம். மூலையில் உட்கார்ந்திருந்த பரீட்சகர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்கள். கடைசிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றபோது, தேறிவிட்டேன் என்றே தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன்.

சின்ன அறை. மூலையில் பரீட்சகர், மடியில் அட்டை. மேஜையருகே நாற்காலியில் நோயாளியாக ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் பரிசோதனைக் கட்டில், மேலே புதிதாக விரித்த வெள்ளைக் காகிதம்.

நடந்தேன். ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்தேன். ஏறி, காலை நீட்டி, தலையணையில் சாய்ந்தேன். முதுகுக்கடியில் காகிதம் சரசரத்தது. காலையிலிருந்து நின்ற கால், அப்பாடா என்று உடம்பு இளகியது. என்ன சுகம்! அந்தச் சுகத்தில் கண்ணை மூடித் திறந்தேன். கூரையில் விளக்கு தெரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

அடிப்பாவி, எழுந்திரு! எழுந்து தொலை! கால் நகரவில்லை. கை வயிற்றின் மேல் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. பரீட்சகரைப் பார்த்தேன். இவராவது, என்னம்மா இது என்று கேட்க மாட்டாரா என்று பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்காலிப் பெண் என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். குழாயைத் திறந்து, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று விடாமல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடியில் மூன்று விரல் பதிந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளும் எங்கேயோ ஒரு நாட்டில் டாக்டராக இருந்தவள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை ஒரு நாடியைப் பிடிக்கிறதோ, அவள் உதடு ஓசையில்லாமல் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"தொந்தரவு ஒண்ணுமில்லைங்க. தப்பா வந்து படுத்துட்டேன். நீங்கதான் இங்க இருக்கணும், நான் அங்க இருக்கணும்." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், அது கீச்சென்று வந்தது. "நான் டாக்டர். நிஜமாவே நான் டாக்டர்."

பாடம் பண்ணி ஒப்பித்த மாதிரி இருந்தது, என் காதுக்கே.

அவள் கையை விடவில்லை. என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், இரக்கத்தோடு தலையசைத்தாள்.

"சரிம்மா. எவ்வளவு நாளா இப்படித் தோணுது?"

பரீட்சகர் பேனாவோடு நிமிர்ந்து என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் யோசித்துப் பார்த்தேன்.